வேணும்னா போட்டுக்குவாங்க

எங்கள் குழுவில் எந்த மென்பொருளைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் கடைசியில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "வேணும்னா போட்டுக்குவாங்கண்ணே." அதோடு பேச்சு முடிந்துவிடும். மறுத்துப் பேசினால் நாம்தான் பிடிவாதக்காரர். நானே பல மென்பொருள்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன், அதிலெல்லாம் வருத்தமில்லை. முப்பரிமாண வரைகலை வேண்டுமா, வேண்டுபவர் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவி ஒன்றை எங்கள் பென்டிரைவ் லினக்ஸில் சேர்க்கலாமா என்ற பேச்சில் அதே பதில் வந்தபோது மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் செய்வது பெரிய வேலை ஒன்றும் இல்லை. டெபியன் என்ற லினக்ஸை எடுத்து, லைவ்-பில்டு என்ற கருவியை வைத்து, எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம், லிப்ரெஆபிஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி, தமிழ் விசைப்பலகைகள், எழுத்துருக்கள் எல்லாம் போட்டு, பென்டிரைவில் எழுதக்கூடிய ஒரு இமேஜாகக் கட்டுகிறோம். இராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்திலிருந்து தங்கச்சிமடம் வரை, தெரிந்தவர் வீடுகளில் பழைய அரசு லேப்டாப்புகள் நிறையக் கிடக்கின்றன. 2011-ல் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து சென்னை சிடாக்கின் பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். இன்று அவற்றில் விண்டோஸ் எழுந்து நிற்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எங்கள் பென்டிரைவைச் செருகினால் அதே மெஷின் சுமாராக ஓடும். அவ்வளவுதான் எங்கள் சேவை.

இடநெருக்கடி எப்போதும் உண்டு. பென்டிரைவ் எல்லா மெஷினிலும் பூட் ஆக வேண்டும் என்று அதை ஃபேட்32 என்ற கோப்பு முறையில் வைத்திருக்கிறோம். ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. இயங்குதளம் முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஒரே கோப்பாகச் சுருங்கி உட்காருவதால், மொத்தமும் அந்த எல்லைக்குள் அடங்கியாக வேண்டும். இதே தகராறு ஒரு காலத்தில் சிடியின் 700 எம்பிக்காக நடந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் 2010-ல் ஜிம்ப் என்ற பட மென்பொருளையே இயல்புத் தொகுப்பிலிருந்து எடுத்தபோது எழுந்த கூச்சல் பலருக்கு நினைவிருக்கும். என்னென்ன சேர்ப்பது என்ற சண்டை புதிதில்லை.

தம்பி சொன்னதில் நியாயம் இருந்தது

எதிர்த்தவர் எங்கள் குழுவில் இளையவர். பேக்கேஜ், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள், வேலையெல்லாம் அவர்தான் பார்ப்பார். அவர் சொன்னதை நான் இங்கே குறைத்துச் சொல்லப் போவதில்லை. டேட்டாபேஸ் கிளையன்ட், அதாவது அந்தத் திறந்து பார்க்கும் கருவி, நிரலாளர்களுக்கானது. நிரலாளருக்கு மென்பொருள் நிறுவும் ஏப்ட் தெரியும், ஒரு கட்டளையில் போட்டுக்கொள்வார். சாதாரண ஆளுக்கு அது மெனுவில் இருப்பதே தொந்தரவு. உபுண்டு தன் முழு நிறுவலில்கூட லிப்ரெஆபிஸின் ரைட்டரையும் கால்க்கையும் தருகிறது, அதன் டேட்டாபேஸ் பகுதியான பேஸைத் தருவதில்லை. 23.10 பதிப்பிலிருந்து குறைந்தபட்ச நிறுவலையே இயல்பாக்கிவிட்டது. எல்லோரும் குறைக்கும்போது நாம் கூட்டுவானேன்? சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் திருத்தம் பார்க்கும் பொறுப்பும் கூடவே வருகிறது. அப்படியே சேர்ப்பதென்றால் டிபீவர் மாதிரி எல்லா டேட்டாபேஸையும் திறக்கிற ஒன்றைச் சேர்ப்போம், அது நூறு எம்பிக்கு மேல், நமக்கு இடமில்லை, ஆகவே வேண்டாம். வாதம் அழகாகச் சுற்றி வந்து முடிந்தது.

"போட்டுக்குவாங்க" என்பதில் இரண்டு விஷயங்கள் சொல்லாமல் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இணையம் இருக்கிறது என்பது. அதுகூடப் பரவாயில்லை, இப்போது போன் ஹாட்ஸ்பாட் இல்லாத ஆள் யார். இரண்டாவதுதான் பெரிது: தன்னிடம் இருப்பது டேட்டாபேஸ் என்பதும், அதைத் திறக்க ஒரு கருவி உண்டு என்பதும், அதன் பெயர் இன்னது என்பதும் அவருக்குத் தெரியும் என்பது. தெரியாது. ஒருவரிடம் இருப்பது "பழைய கம்ப்யூட்டர்ல இருந்த கணக்கு". அது எஸ்க்யூலைட் என்ற வகை டேட்டாபேஸ் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எஸ்க்யூலைட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை என்றாலும் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் மென்பொருள் வேலை ஒன்றின்போது யோசித்து, 2000-ல் வெளியிட்டது. உரிமம்கூடக் கிடையாது, பொதுச்சொத்து. சர்வர் வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பு. அதனால் வாட்ஸாப் செய்திகள் அதில்தான், ஃபயர்பாக்ஸில் நீங்கள் போன பக்கங்களின் வரலாறு அதில்தான். ஊரில் யாரோ எழுதி விற்ற பில்லிங் மென்பொருள், சங்கக் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று பலவும் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. டேட்டாபேஸ் நிரலாளரின் மெஷினில் இருக்கும் பொருள் என்ற எண்ணம் பழசாகி எவ்வளவோ நாளாகிவிட்டது.

கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டர்

தங்கச்சிமடத்துப் பக்கம் மீன் வாங்கும் யார்டு ஒன்று. அங்கே கணக்கு எழுதுகிற அண்ணன் எங்களுக்குப் பழக்கம். எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம், எந்தப் படகில் என்ன மீன் எத்தனை கிலோ, என்ன விலை, கழிவு எவ்வளவு, எல்லாம் ஒரு கம்ப்யூட்டரில். மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் எப்போதோ தொழிலை விட்டுப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. கடற்காற்றில் கம்ப்யூட்டர் எத்தனை நாள் தாங்கும்? உப்பு பூத்து, யுஎஸ்பி வாய் துருப்பிடித்து, ஒரு நாள் கரண்டு போய் வந்தபோது அது எழவே இல்லை. அதுவும் தடைக்காலம் முடிந்து படகுகள் போன முதல் வாரத்துக்கு அடுத்த நாட்களில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் கிடந்துவிட்டு முதல் முதலாகப் போகும்போது வரத்து எப்படி இருக்கும் என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருடத்தின் பெரிய கணக்கு அந்த வாரத்தில் இருந்தது.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஒரு கேஸில் போட்டு, எங்கள் பென்டிரைவில் ஓடும் லேப்டாப்பில் செருகினோம். தம்பியும் கூட இருந்தார். மென்பொருளின் கோப்புறைக்குள் பெயரின் முடிவில் எந்த நீட்சியும் இல்லாத ஒரு பெரிய கோப்பு. முதல் பதினாறு பைட்டைப் பார்த்தால் எஸ்க்யூலைட் ஃபார்மட் 3 என்று அதுவே சொல்லியது. ஹாட்ஸ்பாட் போட்டு, அதைத் திறந்து பார்க்கும் டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற கருவியை இறக்கினேன். கோப்பை என் கோப்புறைக்கு நகலெடுத்துத் திறந்தேன். அட்டவணைகள் வந்தன. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆனால் அந்த முதல் வாரம் இல்லை. மே மாதத்து முன்பணம் வரை இருக்கிறது, அதற்குப் பிறகு வெறுமை. அவர் முகம் போன போக்கைப் பார்த்துத் தம்பிதான் திரும்பக் கோப்புறைக்குப் போனார். அதே பெயரில், பின்னால் டபிள்யூஏஎல் என்று சேர்ந்து இன்னொரு கோப்பு கிடந்தது. அந்த மென்பொருள் எஸ்க்யூலைட்டை முன்னெழுத்துப் பதிவு முறையில் ஓட்டியிருக்கிறது. புதிய பதிவுகள் முதலில் இந்தத் தனிக் கோப்பில் விழும், சாதாரணமாக ஆயிரம் பக்கம் சேர்ந்ததும்தான் பெரிய கோப்புக்குள் போகும். நிரலை ஒழுங்காக மூடினாலும் போய்விடும். இங்கே யார் மூடினார்கள்? இரவும் பகலும் திறந்தே கிடந்து, கரண்டு போய்ச் செத்த கம்ப்யூட்டர் அது. இரண்டு கோப்பையும் ஒன்றாக ஒரே இடத்துக்கு நகலெடுத்துத் திறந்ததும் அந்த வாரம் முழுவதும் வந்துவிட்டது. பெரிய கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்கை அழித்திருந்தால் போயே போயிருக்கும்.

இதுவரை நடந்தது யார் செய்தாலும் நடந்திருக்கும். என் மனசில் நிற்பது அதற்கு அடுத்த கால் மணி நேரம்.

தேதி இருக்க வேண்டிய நெடுவரிசையில் பத்து இலக்க எண்கள். 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய வினாடிகள். டிபி பிரவுசரில் நெடுவரிசைத் தலைப்பை வலது சொடுக்கினால் எப்படிக் காட்ட வேண்டும் என்று கேட்கும், அதில் யுனிக்ஸ் காலத்தைத் தேதியாக மாற்றும் வசதி உண்டு. மாற்றினேன். அழகாகத் தேதிகள் வந்தன. நான் கிட்டத்தட்ட எழுந்துவிட்டேன். கால்க்குக்கு ஏற்றுமதி செய்து கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலண்டரை எட்டி எடுத்தார். "ஏன் தம்பி, திங்கக்கெழம எப்படி ஏலம் நடக்கும்? அன்னைக்குத்தான கடலுக்கே போறாக" என்றார். இராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. திங்களன்று போனது செவ்வாய் விடியலில் திரும்பும், கரையிலேயே ஏலம் போகும். திரையில் அந்த ஏலம் திங்கள் என்று இருந்தது. அடுத்து இன்னொன்றையும் காட்டினார். ஒரே படகின் சரக்கு இரண்டு நாளாகப் பிரிந்து கிடந்தது. நகரையும் கணவாயும் திங்கள், அதே படகின் நண்டும் சங்காயமும் செவ்வாய். "ஒரு படகு ரெண்டு நாளா வந்து எறங்கும்?"

டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னதுமே எனக்குப் பளிச்சென்று விளங்கியது. எண்கள் கிரீன்விச் நேரத்தில் இருக்கின்றன. நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். விடியற்காலை ஐந்தரைக்கு முன் எழுதிய வரியெல்லாம் முந்தைய நாளுக்குப் போய்விடும், ஐந்தரைக்குப் பிறகு எழுதியது சரியான நாளில் நிற்கும். ஏலமோ நாலு மணியிலிருந்தே நடக்கிறது. பெரும்பாலான கடைகளின் கணக்கில் இந்தத் தவறு கண்ணில் பட்டிருக்காது, ஏனென்றால் அவை அந்நேரத்தில் வியாபாரம் செய்வதில்லை. சரி என்று உள்ளூர் நேரத்தில் காட்டும் வசதியைத் தேர்ந்தேன். மாறவில்லை. அதே திங்கள். காரணம், லைவ் டெபியன் தன்போக்கில் எழும்போது அதன் நேர மண்டலமே யுடிசி, அதாவது அதே கிரீன்விச் நேரம்தான். அதற்கு அதுதான் உள்ளூர். ஏசியா/கொல்கத்தா என்று மாற்றி நிரலை மூடித் திறந்ததும் எல்லா வரியும் செவ்வாய்க்கு வந்து உட்கார்ந்தது. அண்ணன் ஒவ்வொரு படகாக விரலை வைத்துப் பார்த்து, "இப்ப சரி" என்றார்.

நானும் தம்பியும் மட்டும் உட்கார்ந்து அந்தக் கோப்பை மீட்டிருந்தால் தவறான தேதிகளோடு ஒரு சுத்தமான விரிதாளை அவரிடம் கொடுத்திருப்போம். முன்பணக் கழிவு நாள் கணக்கில் போகிறது. படகுக்காரரோடு சண்டையில் முடிந்திருக்கும். டேட்டாபேஸ் கிளையன்ட் நிரலாளருக்கு என்று சொல்கிறோம். நிரலாளருக்கு அந்த எண்களைப் பார்த்து எது பொய் என்று சொல்லத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஆள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவர் அந்தத் திரையைப் பார்க்க வழியில்லாமல்தான் நாம் இயங்குதளங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். தரவை அறிந்தவர் கண்ணில் தரவு படவேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்கு அந்தக் கருவி அவர் மெஷினில் முன்பே இருக்க வேண்டும்.

ஒரு வரி, அப்புறம் மற்றதெல்லாம்

லைவ்-பில்டில் ஒரு பேக்கேஜைச் சேர்ப்பது என்பது பட்டியல் கோப்பில் ஒரு வரி எழுதுவது. அதைப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. டிபி பிரவுசர் தானே சில எம்பிதான். அது சன்னல், பொத்தான் வரையும் க்யூட்டி நூலகங்களைக் கேட்கும், ஜிடிகே என்ற வேறு நூலகத்தில் ஓடும் நம் மேசைத்தளத்துக்கு அது சுமை என்று தம்பி முதலில் சொல்லியிருந்தார். பார்த்தால் விஎல்சி அந்த க்யூட்டியை எப்போதோ இழுத்து வந்து வைத்திருக்கிறது. ஆக இடச்சண்டை அங்கேயே தீர்ந்தது.

டிபீவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல கருவி, நானே வேலையில் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்த டேட்டாபேஸோடும் முதல் முறை இணைக்கும்போது அதற்கான டிரைவரை இணையத்திலிருந்து இறக்கவா என்று கேட்கும். எஸ்க்யூலைட்டுக்கும் அப்படித்தான். இணையம் கிடைக்காத ஒரு யார்டில் அது தூண்டிலைக் கையில் கொடுத்துவிட்டு முள்ளை ராம்நாட்டுக்குப் போய் வாங்கிக்கொள் என்பது போல. பட்டியலில் இருக்கும், மெனுவில் இருக்கும், முதல் சொடுக்கில் கைவிரிக்கும். ஒன்றைச் சேர்த்துவிட்டோம் என்று சொல்வதற்கு அது அந்த இடத்திலேயே வேலை செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். டெபியனில் பேக்கேஜ் கட்டும்போது நெட்வொர்க்கைத் தொடக்கூடாது என்ற விதி இருப்பதே இந்தப் புத்திதான்.

அப்படிப் பார்த்தால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் வேலை வரிசையாக வந்தது. டிபி பிரவுசர் மெனுவில் நிரலாக்கம் என்ற பிரிவில் போய் உட்காருகிறது, அந்தப் பிரிவை எங்கள் ஆட்கள் யாரும் திறந்ததில்லை. அலுவலகப் பிரிவுக்கு மாற்றி, "தரவுக் கோப்பு பார்" என்று தமிழ்ப் பெயர் வைத்தோம். கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்தால் படிக்க மட்டும் திறக்கும்படி கட்டளையில் ஒரு தெரிவைச் சேர்த்தோம். அதில் மாற்றங்கள் தனியாக எழுதச் சொன்னால்தான் கோப்பில் எழுதப்படும் என்பதால் ஏற்கெனவே ஒரு தடுப்பு உண்டு. இருந்தாலும் கணக்குக் கோப்பில் விரல் தவறக்கூடாது. நேர மண்டலத்தை இமேஜிலேயே இந்திய நேரமாக்கினோம், இது மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து நல்லது. பழைய கோப்பில் பெயர்கள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும் என்பதால் பாமினியை யூனிகோடாக மாற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றும் உள்ளே போனது. கூட உள்ள டபிள்யூஏஎல் கோப்பை விட்டுவிடாதே என்று அரைப் பக்கக் குறிப்பு ஒன்றும் எழுதி வைத்தோம். அதைத் தம்பியே எழுதினார், அதைக் கண்டுபிடித்தவர் அவர்தானே.

அவர் கடைசியாகக் கேட்டது எனக்குப் பிடித்த கேள்வி. "அப்ப நாளைக்கு ஒருத்தர் போஸ்ட்கிரஸ் கேட்டு வந்தா? மரியாடிபி கேட்டு வந்தா?" அவை சர்வரில் ஓடும் டேட்டாபேஸ்கள், அதற்கெல்லாம் சேர்க்கப் போவதில்லை. சர்வர் ஓடும் இடத்தில் அதை ஓட்டுகிற ஆள் ஒருவர் இருப்பார், அவருக்கு எது வேண்டும், பெயர் என்ன என்று தெரியும். அவரைப் பொறுத்தவரை தம்பியின் வாதம் முழுக்கச் சரி. தன் மெஷினில் தன் கணக்கு ஒரு கோப்பாகக் கிடந்து, அதை எழுதிய நிரல் செத்துப்போன ஆளுக்குத்தான் இந்த இடம். கோடு அங்கே என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

தீராத ஒன்று பாக்கி. படகுக்காரர் பெயரை வரிசைப்படுத்தினால் தமிழ் வரிசை வருவதில்லை. எஸ்க்யூலைட் குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்கிறது. யூனிகோடில் புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் செல்வத்துக்கு முன்னால் செலின் வந்துவிடுகிறாள். ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே இருப்பதால் இந்தக் கரையில் கொத்துக் கொத்தாக இருக்கும் ஜோசப்புகளும் ஜெயராணிகளும் த-வுக்கு முன்பே கூட்டமாக நிற்கிறார்கள். ழகரம் ளகரத்துக்குப் பின்னால், றகரம் லகரத்துக்கு முன்னால். அண்ணன் நோட்டில் பெயர் தேடுகிற வேகத்துக்கு இது பெரிய இடைஞ்சல். இப்போதைக்குக் கால்க்குக்கு எடுத்துப் போய், வரிசைப்படுத்தும் மொழியாகத் தமிழைத் தேர்ந்து ஒப்பேற்றுகிறார். எஸ்க்யூலைட்டின் மூலநிரலோடு, மொழிவாரி வரிசை தெரிந்த ஐசியு நூலகத்துக்காக வரும் நீட்சியைக் கட்டிச் சேர்த்தால் டிபி பிரவுசருக்குள்ளேயே சரியாக வரும். லிப்ரெஆபிஸுக்காக ஐசியு நூலகம் ஏற்கெனவே இமேஜில் இருப்பதால் இடமும் பிடிக்காது. தம்பி அதைக் கையில் எடுத்திருக்கிறார். அடுத்த தடைக்காலத்தில் யார்டில் வேலை குறைவாக இருக்கும்போது அண்ணனை உட்கார வைத்து, பெயர்ப்பட்டியல் முழுவதையும் ஒரு தடவை வாசிக்கச் சொல்ல வேண்டும்.